நாங்கள் வரும் வரை

அன்று மாலை என் மனைவி சொன்னது எந்தச் சொல் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ‘போயிட்டு வர்றோம்’ என்றாளா, ‘நாங்க போயிட்டு வர்றோம்’ என்றாளா? எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். அதை அவள் சொல்லவே இல்லையா, சொல்லியும் என் காதில் விழவில்லையா, விழுந்தும் நான்தான் மறந்தேனா? ஆறு வருடமாக யோசிக்கிறேன். ஒவ்வொரு முறையும் நினைவு வேறு மாதிரி வருகிறது. ஆகவே நான் சொல்வதை முழுக்க நம்ப வேண்டாம். அவளைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வாள். அதுவே சரியாக இருக்கவும் கூடும்.

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்துச் சிவப்புப் பேனாவால் பிழை திருத்துவது என் வேலை. மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு சன்னல். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை யாரிடமும் பேச வேண்டியதில்லை. இந்த வேலைக்காகவே பிறந்தவன் என்று பதிப்பாளர் சொல்வார். பாராட்டுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

எழுதுகிறவர்கள் அதிகம் தவறு செய்யும் இடங்களில் ஒன்று ‘நாம்’, ‘நாங்கள்’. நாம் என்றால் கேட்கிறவனும் சேர்த்தி. நாங்கள் என்றால் அவன் வெளியே. ஒரு பள்ளிப் பாடநூலில் ‘நாங்கள் அனைவரும் இந்தப் பூமியின் பிள்ளைகள்’ என்று வந்தது. ‘படிக்கிற குழந்தையைப் பூமியிலிருந்தே தள்ளிவிட்டீர்களே’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் வம்பு இன்னும் பெரிது. ‘போகிறோம்’ என்பதில் இருக்கும் ‘ஓம்’ யாரை வேண்டுமானாலும் உள்ளே இழுக்கும், யாரை வேண்டுமானாலும் வெளியே நிறுத்தும். இருபத்தெட்டு வருடமாக ஊரார் எழுத்தில் இதைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

என் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “எது தெளிவா இருக்கு, முதல்லதா, ரெண்டாவதா?” என்று நாள் முழுக்கக் கேட்பாள். கடையில் எல்லோரும் பதில் சொல்வார்கள். வீட்டில்தான் கிடைக்காது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எங்களுக்கு ஒரே மகள். தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இருந்தாள். அந்த வருடம் அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. போனால் எப்போது திரும்புவாளோ தெரியாது. அதற்குமுன் குடும்பமாக எங்காவது போக வேண்டும் என்று என் மனைவி நினைத்தாள். குடும்பம் என்றால் அவளுடைய தம்பியும் சேர்த்தி. லிஃப்ட் மெக்கானிக், கல்யாணமாகாதவன், பாதி நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

அந்த மாலை அவள் பயண ஏஜென்சியிலிருந்து ஒரு விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அட்டையில் ஒரு தீவு. தீவின் நடுவில் ஒரு எரிமலை. அதன் வாய்க்குள் பச்சை நிறத்தில் ஒரு ஏரி, ஓரமெல்லாம் மெல்லிய புகை.

“பத்து நாள். ஏங்க, போலாமா?” என்றாள்.

நான் படத்தைப் பார்த்தேன். பத்து வயதில் என் பூகோளப் புத்தகத்தில் எரிமலையை நெடுக வெட்டிய படம் ஒன்று இருந்தது. உள்ளே நெருப்புக்குழம்பு ஏறிவரும் பாதைக்கு நானே சிவப்புப் பென்சிலால் வண்ணம் தீட்டியிருந்தேன். அதன் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும் என்று அப்போதிலிருந்து ஒரு ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் படம் இப்போது என் சாப்பாட்டு மேசைக்கு வந்து, போகலாமா என்று கேட்கிறது. சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தேநீரில் ஆடை படிந்திருந்தது. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவேதான் அந்த வாக்கியம் வந்தது.

“சரி, போயிட்டு வர்றோம்.”

என் காதில் விழுந்தது இவ்வளவுதான். நான் தலையாட்டினேன். அவள் பார்த்தாளா என்று தெரியாது.

அதன் பிறகு நான்கு மாதம் நான் வேறு ஆளாக இருந்தேன். நூலகத்திலிருந்து அந்தத் தீவைப் பற்றி ஏழு புத்தகங்கள் எடுத்துவந்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பத்து நாளுக்கும் மணி வாரியாகத் திட்டம் எழுதினேன். எரிமலை விளிம்புக்குக் காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், பிறகு மேகம் மூடிவிடும். கரையில் மணல் கறுப்பு. பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது. கந்தக வாடைக்கு மூக்கில் ஈரத் துணி. லாவாப் பாறை சாதாரணச் செருப்பை அறுத்துவிடும், கனமான காலணி வேண்டும். படகில் நான்கு இருக்கை, இடப்பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும்.

வீட்டில் எல்லோருக்கும் அந்த நோட்டு அகராதி மாதிரி ஆகிவிட்டது.

“அப்பா, மூணாம் நாள் வெந்நீர் ஊத்தா, படகா?” என்பாள் மகள்.

நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன்.

“அத்தான் வாயால சொல்ல மாட்டாரு, விரலால சொல்வாரு,” என்பான் மச்சினன். “அங்க இருக்கிறது ஒரு எரிமலை, இங்க உட்கார்ந்திருக்கிறது ஒண்ணு. அணைஞ்சு போச்சா, தூங்குதான்னு எவனுக்கும் தெரியாது.”

“சும்மா இருடா,” என்று என் மனைவி அவனை அடக்குவாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான்.

ஒருநாள் மகள் பாஸ்போர்ட்டுகளைக் கொண்டுவந்து, டிக்கெட்டில் இருக்கும் பெயர்களோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்க்கச் சொன்னாள். மூன்று பாஸ்போர்ட், மூன்று டிக்கெட். மச்சினன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை கண்டுபிடித்தேன். நான் பிடிக்காவிட்டால் விமான நிலையத்திலேயே நிறுத்தியிருப்பார்கள் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். என்னுடையது சரிபார்த்து முடித்து ஏற்கெனவே ஏஜென்சிக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஓர் எழுத்து குறைவதைக் கண்டவனுக்கு ஓர் ஆள் குறைவது தெரியவில்லை. இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

வேலையில் பத்து நாள் விடுப்புக் கேட்டேன். பதிப்பாளர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கனமான காலணியும் ஒரு ஜோடி வாங்கினேன். தடித்த காலுறை போட வேண்டும் என்பதால் ஓர் அளவு பெரிதாக. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, டாக்டர் சொன்னதுக்கு இப்பவாவது நடக்கணும்னு தோணுச்சே!” என்றாள். அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு நானும் சிரித்துவைத்தேன்.

கிளம்ப ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். என் மனைவியும் மகளும் மச்சினனும் கடைசி நேரச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள், காந்த வில்லையால் ஒட்டியிருந்தது. கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்து. தலைப்பு: ‘நாங்கள் வரும் வரை’.

எதிர் வீட்டுத் தையல்காரருக்கு எழுதியிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நாம் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள அவரிடம் சாவி கொடுக்கலாம் என்று நோட்டில் நான்தான் எழுதியிருந்தேன். ‘நாங்கள்’ மிகச் சரியாக விழுந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமைகூட வந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். கிட்டத்தில் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டாம்.

‘மாடிச் செடிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தன்னீர்.’ மூன்று சுழி போட்டேன்.

‘குப்பை எடுக்க செவ்வாய், வெள்ளி வருவார்கள்.’ ‘எடுக்கச்’ என்று ஒற்றுச் சேர்த்தேன்.

‘வாஷிங் மெஷின் கதவை அழுத்தி மூட வேண்டும்.’ பிழையில்லை. தையல்காரர் எதற்கு நம் வீட்டில் துணி துவைக்கப் போகிறார் என்று மட்டும் தோன்றியது. ஏதோ இருவருக்குள் பேச்சு இருக்கும்.

‘சாவியைத் தொலைத்துவிட்டால், மாற்றுச் சாவி தையல்காரரிடம் இருக்கிறது.’ இங்கே பேனா நின்றது. தையல்காரருக்கு எழுதிய தாளில் தையல்காரரிடம் இருக்கிறது என்றால் எப்படி? அவசரத்தில் தடுமாறியிருக்கிறாள். ‘தையல்காரரிடம்’ என்பதை அடித்து ‘உங்களிடம்’ என்று திருத்தினேன்.

‘பிரஷர் மாத்திரை இரண்டாவது இழுப்பறையில். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு.’ அடடா, அவருக்கும் பிரஷரா என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவருடைய மாத்திரை ஏன் நம் வீட்டு இழுப்பறையில் இருக்கிறது என்று கேட்க மனம் தயாராக இல்லை.

கடைசி வரி: ‘கண்ணாடியைக் காணவில்லை என்றால் முதலில் தலையில் தேடவும்.’

என் கை தானாக மேலே போனது. கண்ணாடி தலையில்தான் இருந்தது.

அப்போது என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஃபிரிட்ஜின் உறுமல் சத்தம் பெரிதாகக் கேட்டது. முக்காலியில் உட்கார்ந்தேன். தலைப்பை மறுபடி படித்தேன். நாங்கள். கேட்கிறவன் வெளியே. மூன்று பாஸ்போர்ட். மூன்று டிக்கெட். நான்கு மாதமாக இந்த வீட்டில் எத்தனை ‘நாங்க’ விழுந்திருக்கும்? ‘நாங்க ஷூ வாங்கிட்டோம்’, ‘எங்க டிக்கெட் வந்துடுச்சு’. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இல்லை, நானே இட்டுக்கட்டிக்கொண்டேனா தெரியாது. எல்லாம் என் காதுக்குள் ‘நாம’ என்று திருத்தப்பட்டே போயிருக்கின்றன.

மாலை மூவரும் ஒன்றாக வந்தார்கள். மச்சினன் தோளில் ஒரு புதுப் பெட்டி. என் மனைவி தண்ணீர் குடிக்க வந்தவள் தாளைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள்.

“அடக் கடவுளே, இதையுமா திருத்துவாங்க! ஏண்டா, இங்க வந்து பாரு, உங்க அத்தான் எனக்கு மார்க் போட்டிருக்காரு.”

“எத்தனை மார்க்?” என்று அவன் எட்டிப் பார்த்தான். “இது என்ன, ‘மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கிறது’? அத்தான், சாவி தொலைஞ்சா உங்ககிட்டயே எப்படி இருக்கும்? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தப்பா!”

நான் வழக்கம்போல் பேசாமல் இருந்திருப்பேன். என்ன வந்ததோ, வாய் திறந்தது.

“நானும் வர்றேன்.”

“எங்க, ஏர்போர்ட்டுக்கா? வாங்க வாங்க, பெட்டி தூக்க ஆள் வேணும்,” என்றான் மச்சினன்.

“தீவுக்கு.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மகள் பையைக் கீழே வைத்தாள். என் மனைவி கையில் தண்ணீர்க் குவளையோடு அப்படியே இருந்தாள்.

“என்ன சொல்றீங்க?” என்றாள்.

“நானும் வர்றேன்னுதான் நாலு மாசமா நினைச்சிட்டிருந்தேன்.”

மகள் ஓடிப்போய் நோட்டை எடுத்துப் புரட்டினாள். “அப்பா, படகுல நாலு சீட்டுன்னு எழுதியிருக்கியே... நாலாவது ஆள் கைடுன்னு நினைச்சேன்பா.”

“கட்டிலுக்கு அடியில அந்த ஷூ...” என்று ஆரம்பித்த என் மனைவி முடிக்கவில்லை. குவளையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “நான் கேட்டேங்க. போலாமான்னு கேட்டேன். டீ ஆறிப்போற வரைக்கும் காத்திருந்தேன். நீங்க சன்னலைப் பார்த்துட்டே இருந்தீங்க. அப்பதான் சொன்னேன், சரி, நாங்க போயிட்டு வர்றோம்னு. நீங்க தலைகூட ஆட்டினீங்க.”

“நாங்கன்னா சொன்னே?”

“பின்னே?”

“குழாய் ஓடிட்டிருந்துச்சு.”

“குழாய் மேல பழியப் போடாதீங்க.” அவள் அழவில்லை. கோபமும் இல்லை. பயந்தவள் மாதிரி இருந்தாள். “என் சிநேகிதி கல்யாணத்துக்குக் கேட்டேன், பேசாம இருந்தீங்க, வரல. இவ பட்டம் வாங்கின அன்னிக்குக் கேட்டேன், பேசாம இருந்தீங்க, வரல. கடற்கரைக்குக் கேட்டேன். எதுக்குத்தான் கேக்கல? இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவையாவது உங்க மௌனம் ‘சரி’ன்னு இருந்திருக்கா? ஒரு தடவை சொல்லுங்க.”

யோசித்தேன். அவர்கள் மூவரும் காத்திருந்தார்கள்.

“ஒரு தடவை இருந்துச்சு,” என்றேன். “உன் கடைக்கு நான் கண்ணாடி மாத்த வந்தப்போ, அந்த இருட்டறைல வச்சு, என்னைக் கட்டிக்கிறீங்களான்னு நீதான் கேட்டே. நான் ஒண்ணும் பேசல. அதை எப்படி ஆமான்னு எடுத்துக்கிட்டே?”

மச்சினனுக்கு இது புதுச் செய்தி. “அக்கா, நீயா கேட்டே?” என்றான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப எனக்கு இருபத்து நாலு வயசு. எதைப் பார்த்தாலும் ஆமான்னுதான் தெரியும்.”

அதற்குமேல் அந்த வீட்டில் சற்று நேரம் சத்தமே இல்லை. மௌனத்தில் வாழ்ந்தவன் நான். ஆனால் அன்றைக்குத்தான் அதன் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சகிக்க முடியவில்லை.

முதலில் எழுந்தது மகள்தான். “டிக்கெட் இன்னொண்ணு போட்டுக்கலாம். இன்னும் அஞ்சு நாள் இருக்கே,” என்றபடி இரண்டாவது இழுப்பறையை இழுத்தாள். மாத்திரைகளுக்கு அடியில் என் பாஸ்போர்ட் இருந்தது. திறந்தாள். திறந்தவள் அதை என் பக்கம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். காலாவதியாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

மச்சினன் ஏஜென்சிப் பெண்ணுக்குப் போன் போட்டான். அவள் யார் யாரையோ விசாரித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். புதுப் பாஸ்போர்ட் ஐந்து நாளில் வராது. வந்தாலும் விசாவுக்கு நாள் போதாது.

“அப்ப நான் போகல,” என்றாள் என் மனைவி.

“நானும்தான்,” என்றாள் மகள்.

“எல்லாரும் என்னைப் பார்க்காதீங்க, நான் மட்டும் தனியா எரிமலையில என்ன பண்றது, குதிக்கவா?” என்றான் மச்சினன்.

அன்று நான் பேசினேன். அந்த வருடம் முழுக்கப் பேசியதைவிட அதிகமாக இருக்கும். நீங்கள் போகாவிட்டால் அந்த நோட்டில் இருக்கும் இடங்களை நம்மில் ஒருவர்கூடப் பார்க்காமல் போய்விடுவோம் என்றேன். மகள் இனி எப்போது நம்மோடு பத்து நாள் இருப்பாள் என்றேன். பூகோளப் புத்தகத்துப் படத்தைச் சொன்னேன், சிவப்புப் பென்சிலைச் சொன்னேன். என் மனைவி இடையில் ஒருமுறை மட்டும் கேட்டாள்: “இதெல்லாம் எங்க வச்சிருந்தீங்க இவ்வளவு நாளா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொன்னேன்.

அவர்கள் போனார்கள். விமான நிலையத்தில் நான்தான் பெட்டி தூக்கினேன்.

நான்காம் நாள் காலை, நோட்டில் எழுதியபடி ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு, எரிமலை விளிம்பிலிருந்து மகள் கூப்பிட்டாள். “அப்பா, ஒண்ணுமே தெரியல. ஒரே வெள்ளையா இருக்கு. ஏரி எந்தப் பக்கம்னே தெரியல.” மேகம் என் கணக்கை மீறி முன்னமே வந்துவிட்டது. போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னேன். பிறகு, அவர்களுக்கு முன்னால் இருந்த ஏரியை நான் சொன்னேன். பச்சை எங்கே அடர்த்தி, எங்கே மஞ்சள் படிந்திருக்கும், எந்த மூலையில் குமிழி வரும், எதிர்ச் சுவரில் கறுப்புக்கு நடுவே துருச் சிவப்பு எப்படிக் கோடாக ஓடும் என்று. காற்றுச் சத்தத்தோடு அவர்கள் நின்று கேட்டார்கள். முடித்தபோது மச்சினன் குரல் வந்தது.

“அத்தான், இவ்வளவு பேசுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா உங்களை இங்க அனுப்பிட்டு நாங்க மூணு பேரும் செடிக்குத் தண்ணி ஊத்தியிருப்போம்.”

மேகம் விலகவில்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு இறங்கிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அந்த எரிமலை விழித்துக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏரி வற்றிவிட்டது, விளிம்புக்குப் போகும் பாதையை மூடிவிட்டார்கள். மகள் வெளிநாட்டிலேயே இருக்கிறாள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். மச்சினன் அந்த ஏஜென்சிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். இப்போது தன் வீட்டிலேயே சாப்பிடுகிறான். கனமான காலணி காலை நடையில் தேய்ந்து போய், போன வருடம் தூக்கிப் போட்டேன். என் மனைவி இன்னும் கண் பரிசோதிக்கிறாள். வீட்டில் என்னிடம் எதைக் கேட்டாலும் வில்லை மாற்றுகிறவள் மாதிரி, “முதல்லதா, ரெண்டாவதா?” என்று கேட்டுவிட்டு நிற்கிறாள், நான் பதில் சொல்லும்வரை நகர்வதில்லை. நானும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருக்கிறது. நான் புதுப் பாஸ்போர்ட் எடுத்தேன். அதில் இன்னும் ஒரு முத்திரையும் விழவில்லை.